வாக்கும் நேர்மையும்: இணையவழி ஓவியப் போட்டிகளில் நடுவுநிலை காப்பது எப்படி?



சின்னம், கொடி, சுவரொட்டி, பை, வாழ்த்து மடல் ஆகியவற்றை வடிவமைக்கும் போட்டிகள் இக்காலத்தில் பெரும்பாலும் இணையத்தின் வழியே நடைபெறுகின்றன. வரைந்த படத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புகிறோம். அது பிற படங்களோடு வரிசையாகக் காட்டப்படுகிறது. பொதுமக்கள் தமக்குப் பிடித்த படத்தைத் தொட்டு வாக்களிக்கின்றனர். மிகுதியான வாக்குப் பெற்ற படம் பரிசு பெறுகிறது. பார்க்க எளிதான இம்முறையில் மறைந்திருக்கும் இடர்கள் பல. அவற்றை அறிவதும் அவற்றை நீக்கும் வழிகளைக் கற்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் என் குறையைச் சொல்லித் தொடங்குகிறேன்.

நான் கற்ற பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் பள்ளி மாணவர்களுக்காகத் துணிப்பை வடிவமைக்கும் போட்டி ஒன்றை நடத்தியது. நான் அப்போது பணியாற்றிய பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் படம் இறுதிப் பத்தில் ஒன்றாகத் தேர்வு பெற்றது. செம்பனை ஓலைகளுக்கு நடுவே ஓர் ஆந்தை அமர்ந்திருக்கும் படம் அது. எலிகளைப் பிடித்துச் செம்பனையைக் காக்கும் ஆந்தையை அவள் நாள்தோறும் கண்டிருக்கிறாள். அவளுடைய தந்தையார் தோட்டத்தில் குலை வெட்டுபவர்.

வெற்றி பெறுபவரைப் பொதுமக்கள் வாக்கே முடிவு செய்யும் என்றனர். நான் புலனக் குழுக்களில் செய்தி அனுப்பினேன். தோட்ட மக்கள் மாலையில் வேலை முடிந்து வந்து, பள்ளி வாசலில் வைஃபை கிடைக்கும் இடத்தில் நின்று, ஒருவர் கைப்பேசியை மற்றவர் வாங்கி வாக்களித்தனர். ஆயினும் எங்கள் எண்ணிக்கை நூற்றுச் சொச்சத்தைத் தாண்டவில்லை. நகரப் பள்ளி ஒன்றின் படம் ஆயிரத்தைக் கடந்திருந்தது.

அவ்வேளையில் என் பழைய மாணவர் ஒருவர் நகரிலிருந்து அழைத்தார். கணினித் துறையில் பணிபுரிபவர். “ஐயா, கவலைப்படாதீர்கள். நாளைக் காலைக்குள் மூவாயிரம் வாக்கு விழச் செய்கிறேன்” என்றார். நான் வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே என் குற்றம்.

மறுநாள் காலை எங்கள் மாணவியின் படம் முதலிடத்தில் இருந்தது. பள்ளியே மகிழ்ந்தது. அவள் மட்டும் என் அறைக்கு வந்து, “ஐயா, நம் தோட்டத்தில் அவ்வளவு பேர் இல்லையே?” என்று கேட்டாள். அக்கேள்விக்கு என்னால் விடை கூற இயலவில்லை.

அன்று மாலை அவள் தந்தையாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, “நாம் வெட்டாத குலைக்கு நமக்குச் சம்பளம் வேண்டாம் ஐயா” என்றார். அன்றிரவே நிறுவனத்திற்கு உண்மையை எழுதினேன். அவர்கள் பொய் வாக்குகளை மட்டும் நீக்கவில்லை. படத்தையே போட்டியிலிருந்து நீக்கிவிட்டனர். வெயிலில் உழைத்து வந்து நின்று வாக்களித்தவர்களின் நேர்மையான வாக்குகளும் அவற்றோடு போயின. இத்தகைய நிலையில் என்ன செய்யப்படும் என்பது விதிமுறையில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. முறையிடவும் வழியில்லை.

தவறு எம்முடையது. ஆயினும் போட்டியை நடத்தியவர்கள் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருந்தால் ஒரு சிறுமியின் உழைப்பு வீணாகியிருக்காது. அன்று முதல் இப்பொருளை நான் ஊன்றிக் கற்று வருகிறேன்.

நம் கொடியும் ஒரு போட்டியில் பிறந்ததே

வடிவமைப்புப் போட்டியும் மக்கள் வாக்கும் இணையத்தோடு பிறந்தவை அல்ல. நம் நாட்டின் கொடியே அதற்குச் சான்று. 1948ஆம் ஆண்டு மலாயாக் கூட்டரசு அமைந்தபின், புதிய கொடிக்காகப் போட்டி நடத்தப்பட்டது. 373 வடிவங்கள் வந்து சேர்ந்தன. அவற்றுள் மூன்று தேர்ந்தெடுக்கப்பட்டன. 1949ஆம் ஆண்டு மலாய் மெயில் நாளிதழ் அம்மூன்றையும் மக்கள் முன் வைத்து வாக்குக் கேட்டது. ஜொகூர் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய முகமது ஹம்சா என்பவர் வரைந்த வடிவம் மக்களின் ஆதரவைப் பெற்றது. பின்னர் அதன் விண்மீன் பதினொரு முனை உடையதாகத் திருத்தப்பட்டது. 1950ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் அக்கொடி கோலாலம்பூரில் முதன்முறையாக ஏற்றப்பட்டது. 1963இல் மலேசியா உருவானபோது கோடுகளும் விண்மீனின் முனைகளும் பதினான்காயின. அதுவே இன்று நாம் வணங்கும் ஜாலோர் கெமிலாங்.

இதில் ஓர் ஒழுங்கு உள்ளதைக் காண்க. முதலில் பொறுப்புள்ளோர் ஆராய்ந்து 373ஐ மூன்றாக்கினர். அதன்பின் மக்கள் கருத்துரைத்தனர். இறுதியில் பொறுப்புள்ளோர் மீண்டும் செம்மை செய்தனர். அறிந்தோர் ஆய்வும் மக்கள் விருப்பும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

நேர்மை குலையும் வழிகள்

இணைய வாக்கில் நேர்மை குலைவது பெரும்பாலும் நான்கு வழிகளில் ஆகும்.

முதலாவது, ஒருவரே பல வாக்குகள் இடுதல். ஒருவர் பத்து மின்னஞ்சல் முகவரிகளை உண்டாக்கிக்கொண்டு பத்துப் பேராக மாறலாம். நியூசிலாந்தில் ஆண்டுதோறும் சிறந்த பறவையைத் தேர்ந்தெடுக்கும் இணைய வாக்கு நடைபெறுகிறது. 2020ஆம் ஆண்டு அதில் ஒரு சிறு கிவிப் பறவைக்கு ஓரிரவில் 1,500க்கு மேற்பட்ட பொய் வாக்குகள் விழுந்தன. அவை ஒரே இணைய முகவரியிலிருந்து வந்தமையால் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டன. ஆனால் அப்பறவை போட்டியிலிருந்து நீக்கப்படவில்லை. பொய் வாக்கை நீக்கி மெய் வாக்கைக் காத்த இம்முறையே முறை.

இரண்டாவது, மனிதருக்குப் பதிலாக நிரல் வாக்களித்தல். கணினிக்கு இட்ட கட்டளை ஓயாது உறங்காது ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும். என் பழைய மாணவர் செய்தது இதுவே.

மூன்றாவது, வாக்குகளை விலைக்கு வாங்குதலும் பண்டமாற்றுச் செய்தலும். “என் பிள்ளைக்கு நீ போடு, உன் பிள்ளைக்கு நான் போடுகிறேன்” என்று முன்பின் அறியாதோர் உடன்படிக்கை செய்துகொள்கின்றனர். இங்கு வாக்களிப்பவர் மெய்யான மனிதரே. ஆயினும் அவர் படத்தைப் பார்ப்பதே இல்லை.

நான்காவது வழியில் எவரும் ஏமாற்றுவதில்லை. ஆயினும் நேர்மை குலைகிறது. ஆயிரத்தைந்நூறு மாணவர் பயிலும் பள்ளியும் அறுபது மாணவர் பயிலும் தோட்டப் பள்ளியும் மோதும்போது, உறவினர் தொகையே வெற்றியை முடிவு செய்கிறது. அது ஓவியப் போட்டி அன்று. சுற்றத்தை எண்ணும் போட்டி. பெற்றோர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறேன். “எல்லாப் படங்களையும் பார்த்து வாக்களியுங்கள்” என்று கேட்பது நன்று. “பார்க்க வேண்டாம், எங்கள் எண்ணைத் தொடுங்கள்” என்று கேட்பது நன்றன்று.

ஒருவருக்கு ஒரு வாக்கு

செம்பனைத் தோட்டத்தில் குலைகளை மேட்டில் வரிசையாக அடுக்கி, வெட்டியவர் தம் எண்ணைக் காம்பில் எழுதி வைப்பதை நாம் அறிவோம். கணக்கெடுப்பவர் எண்ணியதைக் குறித்துக்கொண்டே செல்வார். எவருடைய குலை, எண்ணப்பட்டதா இல்லையா என்னும் இரண்டும் தெரிந்தால்தான் கணக்குச் சரியாகும். வாக்குக் கணக்கும் அத்தகையதே. இணையத்தில் இதனைச் செய்யப் பல வழிகள் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் நிறையும் உண்டு, குறையும் உண்டு.

இணைய முகவரி எண்ணைக் கொண்டு ஒரு முகவரிக்கு ஒரு வாக்கு என வரையறுப்பது ஒரு வழி. இதனை அமைப்பது எளிது. ஆனால் ஒரே வைஃபையைப் பயன்படுத்தும் அனைவரும் வெளியுலகிற்கு ஒரே முகவரியாகத் தோன்றுவர். கைப்பேசி நிறுவனங்களும் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரியின்கீழ் வைப்பதுண்டு. எனவே பள்ளி வாசலில் நின்று வாக்களித்த நூறு தோட்ட மக்களும் இவ்விதியின்படி ஒருவரே ஆவர்! ஏமாற்றுபவரோ முகவரியை எளிதில் மாற்றிக்கொள்வார். ஆகவே, முகவரியை ஐயம் எழுப்பும் அடையாளமாகக் கொள்ளலாம். அதனையே தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

வாக்களித்தவரின் கைப்பேசியில் சிறு குறிப்பொன்றைப் பதித்து, மறுமுறை வந்தால் தடுப்பது மற்றொரு வழி. அக்குறிப்பை அழிப்பது அரை நிமிட வேலை. மேலும் ஒரு குடும்பத்திற்கு ஒரே கைப்பேசி உள்ள இடத்தில், தந்தை வாக்களித்தபின் தாய்க்கு வாக்கில்லை என்றாகிவிடும்.

மின்னஞ்சலுக்கு உறுதிப்படுத்தும் செய்தி அனுப்புவது இவற்றினும் மேலானது. கைப்பேசி எண்ணுக்கு ஒருமுறை மட்டும் பயன்படும் கடவெண்ணை அனுப்புவது அதனினும் வலியது. ஏனெனில் பல கைப்பேசி எண்களைப் பெறுவது கடினம். ஆயினும் இங்கும் கைப்பேசி இல்லாதவர் வெளியே நிற்பர்.

வாக்களிக்க உரியவர் எவர் என்று முன்னரே தெரிந்த பள்ளி போன்ற இடங்களில் மிகச் சிறந்த வழி, ஒவ்வொருவருக்கும் ஒரு குறியெண் சீட்டு அளிப்பதாகும். சீட்டுகளைப் பெட்டியிலிட்டுக் கலக்கி, பெயர்ப் பட்டியலில் கையொப்பம் பெற்றுக்கொண்டு, ஆளுக்கு ஒன்றை எடுக்கச் செய்யலாம். எந்தச் சீட்டு எவரிடம் சென்றது என்பது எவருக்கும் தெரியாது. எனவே வாக்கு மறைவாக இருக்கும். ஒரு குறியெண் ஒருமுறைதான் செல்லும். எனவே இரட்டை வாக்கு இராது. ஒரே கைப்பேசியில் குடும்பத்தினர் ஐவரும் தத்தம் வாக்கை இடலாம்.

நிரல்களைத் தடுப்பதற்குப் படப் புதிர்கள் உதவும். ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான வாக்குகள் ஒரே படத்திற்கு விழுந்தாலும், நள்ளிரவில் திடீரெனப் பெருகினாலும் அவற்றை நிறுத்தி வைத்து ஆராய வேண்டும்.

இவற்றுள் எவ்வழியைக் கையாண்டாலும் ஒன்றை மறவாதீர். மக்களிடம் பெறும் மின்னஞ்சலும் எண்ணும் வாக்கைச் சரிபார்க்க மட்டுமே. போட்டி முடிந்ததும் அவற்றை அழித்துவிட வேண்டும். விளம்பரத்திற்குப் பயன்படுத்துவது நம்பிக்கைத் துரோகமாகும்.

காட்டும் முறையிலும் நடுவுநிலை வேண்டும்

நீண்ட பட்டியலில் முதலில் இருப்பது எளிதில் கண்ணில் படும். கடைசியில் இருப்பதைப் பலர் காணாமலே விடுவர். ஆகவே பார்ப்பவருக்கு ஏற்பப் படங்களின் வரிசை மாறி மாறி அமைய வேண்டும். வரைந்தவரின் பெயரையும் பள்ளியையும் மறைத்து எண்ணை மட்டும் காட்டுவது நன்று.

நடப்பு எண்ணிக்கையை வாக்குப்பதிவு முடியும் வரை காட்டாதிருப்பது மிகவும் இன்றியமையாதது. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்னும் அறிஞர் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பதினான்காயிரத்திற்கும் மேற்பட்டோர் இணையத்தில் 48 பாடல்களைக் கேட்டனர். ஒரு பகுதியினருக்குப் பிறர் எத்தனை முறை எப்பாடலை எடுத்துக்கொண்டனர் என்னும் எண்ணிக்கை காட்டப்பட்டது. மற்றொரு பகுதியினருக்குக் காட்டப்படவில்லை. எண்ணிக்கையைக் கண்டவர்களிடையே புகழ் பெற்ற பாடல் மேலும் புகழ் பெற்றது. அதுமட்டுமன்று, எண்ணிக்கையைக் கண்ட குழுக்கள் பலவாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரு குழுவில் வென்ற பாடல் மற்றொரு குழுவில் வெல்லவில்லை. முதலில் யார் முந்தினார் என்பதே பிறர் விருப்பை இழுத்துச் சென்றது. எண்ணிக்கையை மறைத்தால் ஒவ்வொருவரும் தம் கண்ணால் பார்த்து முடிவு செய்வர். நாம் எத்தனை வாக்குப் பின்தங்கியுள்ளோம் என்று தெரியாதபோது, மூவாயிரம் பொய் வாக்கு வேண்டும் என்னும் ஆசையும் எழாது.

ஒன்றா, மூன்றா?

ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதைவிட, விருப்ப வரிசையில் தேர்ந்தெடுக்கச் சொல்வது சிறந்தது. 2015ஆம் ஆண்டு நியூசிலாந்து நாட்டில் புதிய கொடிக்காக வடிவங்கள் கேட்கப்பட்டபோது 10,292 வந்தன. இறுதியில் ஐந்து கொடிகள் மக்கள் முன் வைக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு, ஒரே வடிவமைப்பாளர் வரைந்து நிறத்தால் மட்டும் வேறுபட்டவை. ஒரே வாக்கு என்றிருந்தால் ஒத்த வடிவங்களை விரும்பியோரின் வாக்கு இரண்டாகச் சிதறியிருக்கும். மக்கள் 1, 2, 3 என வரிசைப்படுத்தி அஞ்சல்வழி வாக்களித்தனர். முதல் விருப்ப வாக்கில் சிவப்பும் நீலமும் கலந்த கொடி சற்று முந்தியிருந்தது. பிற கொடிகளை விரும்பியோரின் அடுத்த விருப்பங்களையும் சேர்த்தபோது கறுப்பும் நீலமும் கலந்த கொடி 50.58 விழுக்காடு பெற்று வென்றது. 2016ஆம் ஆண்டு மார்ச்சில் அது பழைய கொடியுடன் போட்டியிட்டது. மக்கள் பழைய கொடியையே வைத்துக்கொண்டனர்.

பள்ளிப் போட்டிக்கு இம்முறை மற்றொரு நன்மையும் தரும். மூன்று படங்களைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும் என்று விதித்தால், முதல் வாக்கைத் தம் பிள்ளைக்கு அளிப்பவரும் மற்ற இரண்டிற்காகப் பிற படங்களைப் பார்த்தாக வேண்டும்.

மக்கள் வாக்கும் நடுவர் குழுவும்

ஐரோப்பிய நாடுகளின் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில், 2009ஆம் ஆண்டு முதல் இறுதிச் சுற்றில் நடுவர் குழுவின் மதிப்பெண்ணும் மக்கள் வாக்கும் சேர்த்தே கணக்கிடப்படுகின்றன. சிறு பள்ளிக்கும் பெரிய பள்ளிக்கும் உள்ள வேற்றுமையைக் குறைக்க இது தக்க வழி. ஆயினும் நடுவரும் தவறக்கூடும். 2022ஆம் ஆண்டு அதே போட்டியின் அரையிறுதியில் ஆறு நாடுகளின் நடுவர் குழுக்களுடைய வாக்கில் முறைகேடான போக்குக் காணப்பட்டு, அவை ஏற்கப்படவில்லை. எனவே நடுவர் பெயரும் அவர்கள் மதிப்பெண்ணும் வெளிப்படையாக இருத்தல் வேண்டும்.

மக்கள் வாக்கே இறுதி முடிவா, அன்றிக் கருத்துக் கேட்பா என்பதையும் முதலிலேயே அறிவித்துவிட வேண்டும். 2016ஆம் ஆண்டு பிரித்தானியாவின் ஆய்வுக் கப்பல் ஒன்றுக்கு இணையத்தில் பெயர் கேட்டனர். “போட்டி மெக்போட்ஃபேஸ்” என்னும் வேடிக்கைப் பெயருக்கு ஓர் இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. கப்பலுக்கு டேவிட் அட்டன்பரோ பெயரே சூட்டப்பட்டது; வேடிக்கைப் பெயர் ஒரு சிறு நீர்மூழ்கிக் கலத்திற்குச் சென்றது. இறுதி உரிமை தம்முடையதே என்று நடத்தியவர்கள் முன்னரே கூறியிருந்தும் பலர் மனக்குறை கொண்டனர். சிறு எழுத்தில் சொல்வது சொன்னதாகாது.

அகல விரித்த ஐந்து விரல்கள்

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி மாணவர்கள் கேட்டிருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் எடுத்தனர். அது வாக்களிப்பு அன்று. ஓலையிட்டுக் குலுக்கி எடுக்கும் முறை. நிலமுடையோர்க்கே அதில் இடமிருந்தது. அவ்வரையறை நமக்கு வேண்டா. ஆனால் அதன் நடைமுறையைப் பாருங்கள். குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திக் காட்டினர். உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுப்பித்தனர். அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்றார். பின் அவர் வாசிக்க, அங்கிருந்த நம்பிமார் அனைவரும் வாசித்தனர். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் பெயரும் அவர்தம் உறவினர் பெயரும் குடத்தில் இடப்படவே இல்லை.

விரலை ஏன் விரிக்க வேண்டும்? அவர் திருடர் என்பதாலன்று. நேர்மையானவர் மீதும் ஐயம் எழாதிருக்கவே. நேர்மையாக நடப்பது ஒரு கடமை. நேர்மையாக நடந்தோம் என்று பிறர் காணச் செய்வது மற்றொரு கடமை.

எம் பள்ளியின் நடைமுறை

இவற்றையெல்லாம் கற்றபின் எம் பள்ளியின் ஆண்டுவிழா ஓவியப் போட்டிக்குச் சில விதிகளை வகுத்தோம். விதிகள் போட்டிக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். படங்களுக்கு எண் உண்டு, பெயர் இல்லை. ஆளுக்கு ஒரு குறியெண் சீட்டு, மூன்று விருப்பம். கணினி அறையிலோ வீட்டுக் கைப்பேசியிலோ வாக்களிக்கலாம். நடப்பு எண்ணிக்கை எவருக்கும் காட்டப்படாது, தலைமையாசிரியருக்கும் காட்டப்படாது. பாதி மதிப்பெண் நடுவருக்கு. பிழையான வாக்கு நீக்கப்படும். அதனை இட்டவர் படத்தை வரைந்த பிள்ளை அல்லாதபோது படம் நீக்கப்படாது. பெற்றோர் மூவர் முன்னிலையில் கணக்கு முடிக்கப்பட்டு, முதல் படம் முதல் கடைசிப் படம் வரை எல்லா எண்ணிக்கையும் வெளியிடப்படும். மூன்று நாள்களுக்குள் எவரும் முறையிடலாம்.

சென்ற ஆண்டு கணக்கைச் சரிபார்க்க ஓர் இளம்பெண் வந்திருந்தார். ஆந்தையை வரைந்த அதே மாணவிதான். இப்போது இடைநிலைப் பள்ளியில் பயில்கிறார். எல்லாவற்றையும் இருமுறை கூட்டிப் பார்த்தபின், “ஐயா, வாக்குத் தொகையும் ஆள் தொகையும் ஒத்துப் போகின்றன” என்றார். எனக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறில்லை.

மாணவர்களே! தோற்ற படம் மறுபடியும் வரையப்படலாம். பொய்யாக வென்ற படத்தை வரைந்தவரே மகிழ்ந்து பார்க்க இயலாது. எனவே உங்களுக்காக எவரேனும் பொய் வாக்கு இட முன்வந்தால், நான் செய்ததுபோல் மௌனமாக இராதீர்கள். “வேண்டாம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. ஓர் இணைய முகவரிக்கு ஒரு வாக்கு என்னும் விதி தோட்ட மக்களுக்கு எவ்வாறு இடையூறாகும்?
2. நடப்பு எண்ணிக்கையை மறைப்பதால் விளையும் நன்மைகள் இரண்டினைக் கூறுக.
3. குறியெண் சீட்டு முறையில் வாக்கு எவ்வாறு மறைவாகக் காக்கப்படுகிறது?
4. பொய் வாக்கு விழுந்த படத்தைப் போட்டியிலிருந்து நீக்குவது முறையா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
5. உம் வகுப்பில் சுவரொட்டிப் போட்டி நடத்துவதற்கு ஐந்து விதிகளை வகுத்து, பெற்றோரிடம் காட்டி அவர்தம் கருத்தையும் கேட்டு எழுதுக.

— தலைமையாசிரியர்